ஆறப் பொறுத்தவள்

"சூளைக் கதவை எவ்வளவு திறந்தே?" என்று முதலாளியம்மா கேட்டார்.

"ஒரு விரல் அளவுதாம்மா."

"எந்த விரல்?"

சுண்டுவிரலைக் காட்டிவிடலாமா என்று ஒரு கணம் அவளுக்குத் தோன்றியது. பிறகு கட்டைவிரலைக் காட்டினாள்.

"என்ன தெரிஞ்சுது?"

"ஒண்ணும் தெரியலம்மா. அனல்தான் மூஞ்சியில அடிச்சுது. உடனே சாத்திட்டேன்."

"சத்தம் கேட்டுதா?"

அவள் பயந்துகொண்டிருந்த கேள்வி இதுதான். "கேட்டுதும்மா. டிங்னு ஒண்ணு. யாரோ ஸ்பூனால கிளாஸைத் தட்டின மாதிரி. அப்புறம் வரிசையா கேட்டுக்கிட்டே இருந்துச்சு."

முதலாளியம்மா மேசைமேல் இருந்த தட்டைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் சாய்த்தார். நீல மெருகுக்குள் தலைமுடி போல ஒரு விரிசல் விளிம்பிலிருந்து நடுவரை ஓடியது. அந்தச் சூளையில் வெந்த பொருள்களில் பாதிக்குமேல் இப்படித்தான் வெளியே வந்தன.

"மறுநாள் காலையில எப்படியும் திறக்கப்போற கதவு. அதுக்குள்ள என்ன அவசரம் உனக்கு?"

"எனக்கே தெரியலம்மா. முதல்ல கால் போச்சு. அப்புறம் கை போச்சு. நான் அதுங்க பின்னாடிதான் போனேன்."

முதலாளியம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை அடக்கியதில் கோபம் இன்னும் கூடியது.

"நெருப்பு போடறதுல உன்னை மாதிரி கை இந்தப் பட்டறையில யாருக்கும் கிடையாது. அதை நான் இல்லைன்னு சொல்லல. ஆனா ஆக்கப் பொறுத்தவளுக்கு ஆறப் பொறுக்கலைன்னா, நான் என்ன பண்ணட்டும்? அடுத்த சூளை அந்தத் திமிங்கிலப் பட டைலுங்க. அதையும் நீதான் எரிக்கப்போறே. ஒரு டைல் போனாலும் நீ திரும்ப மண்ணு பிசையற மேடைக்குப் போயிடணும். அப்புறம் ஆயுசுக்கும் சூளைப் பக்கம் வரக்கூடாது. சம்மதமா?"

"சம்மதம்மா."

"யோசிக்காம சொல்றே பாரு! இதுலயும் அவசரம்."

இந்தப் பேச்சு முடிந்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது. அவளோ இன்றைக்கும் ஒரு சொல் விடாமல், முதலாளியம்மாவின் குரலையும் சேர்த்துப் போட்டு, அப்படியே நடித்துக் காட்டுவாள்.

பட்டறையில் அவளுக்குப் பெயர் குடுக்கை. அவசரக்குடுக்கை என்று முழுசாகச் சொல்ல யாருக்கும் பொறுமை இல்லாததால் பாதியாகக் குறைந்த பெயர் அது. பெயருக்குப் பங்கம் வராமல்தான் வாழ்ந்துகொண்டிருந்தாள். பேருந்தில் இறங்க வேண்டிய இடத்துக்கு இரண்டு நிறுத்தம் முன்பே எழுந்து படிக்கட்டில் நிற்பாள். உலை கொதிக்கும் முன் மூடியைத் திறந்து திறந்து பார்ப்பாள்; அதனாலேயே அது கொதிக்கத் தாமதமாகும். கதைப் புத்தகம் கையில் கிடைத்தால் முதலில் கடைசிப் பக்கம். கணவர் தையல்காரர். ஓரம் அடிக்காத சட்டையை மிஷினிலிருந்து உருவி மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாள் என்பதால், அவளுக்குத் தைக்கும்போது மட்டும் கடைக் கதவைச் சாத்திக்கொண்டு தைப்பார். "என் பொண்டாட்டியைக் கட்டிக்கறதுக்கு நான் யோசிக்கக்கூட இல்லை. யோசிக்க அவ நேரமே குடுக்கல" என்பது அவர் வழக்கமாகச் சொல்லும் நகைச்சுவை.

இப்படிப்பட்டவள் சூளைக்கு எப்படி வந்தாள் என்று கேட்கலாம். நெருப்புதான் அவளை இழுத்தது. மண் பிசையும் மேடையில் இருந்த நாள்களிலேயே, பழைய சூளைக்காரர் எரிவாயுவைக் கூட்டும்போதும் குறைக்கும்போதும் ஓடிப்போய் நிற்பாள். சுவாலையின் நிறம் ஆரஞ்சிலிருந்து மஞ்சளாகி, மஞ்சள் வெளுக்கும் தருணத்தை அவரைவிட ஒரு நொடி முன்னதாகச் சொல்லிவிடுவாள். எரியும் சூளையில் எந்நேரமும் ஏதாவது செய்ய இருக்கும். அவசரக்காரிக்கு அது சொர்க்கம். சூளைக்காரர் மகள் வீட்டோடு போய்த் தங்கியபோது, வேறு யாருக்கும் நெருப்பைப் படிக்கத் தெரியாததால் வேலை அவளுக்கு வந்தது. வந்த பிறகுதான், எரிப்பது பாதி வேலை என்பதும், மீதிப் பாதி ஒன்றுமே செய்யாமல் இருப்பது என்பதும் அவளுக்கு உறைத்தது.

சூளைச் சுவரில் வெப்பம் காட்டும் வட்ட முகப்பு ஒன்று உண்டு. அதில் பழைய சூளைக்காரர் கீழ்ப்பக்கமாக ஒரு பச்சைக் கோடு தீட்டியிருந்தார். நெருப்பை அணைத்த பிறகு முள் மெதுவாக இறங்கி அந்தக் கோட்டைத் தாண்டினால்தான் கதவைத் தொடலாம். அதற்கு ஒரு பகல், ஓர் இரவு, இன்னொரு பகல் என்று ஆகும். அதுவரை உள்ளே இருப்பது வெந்துவிட்டதா, வீணாகிவிட்டதா, நிறம் ஏறியதா என்று எவருக்கும் தெரியாது. வெளியே குளிர்ந்த காற்று காத்துக்கொண்டிருக்கும். ஒரு விரல் இடைவெளி போதும் அதற்கு.

விரிசல் விட்ட அந்தச் சூளையில் இருந்தவை பெரும்பாலும் கிளேஸ்காரர் பூசியவை. வெந்த மண்ணுக்குக் கண்ணாடி போன்ற பளபளப்பைக் கொடுக்கும் பூச்சைக் கலப்பவர், பூசுபவர் அவர்தான். அன்றிலிருந்து அவர் அவளோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார். ஏதாவது சொல்ல வேண்டியிருந்தால் சுவரைப் பார்த்துச் சொல்வார். "சில பேர் கிட்ட சூளையைக் குடுக்கறதும், குரங்கு கையில பூமாலையைக் குடுக்கறதும் ஒண்ணு" என்று ஒருநாள் சுவரிடம் சொன்னார். அவளும் சுவரைப் பார்த்து, "குரங்குக்குக் கோபம் வந்தா கடிக்கும்னு சில பேருக்குச் சொல்லி வை" என்றாள்.

திமிங்கிலமும் அவருடையதுதான். குழந்தைகள் மருத்துவமனை ஒன்றின் நீளமான நடைச்சுவருக்காக அவர் வரைந்து, டைல் டைலாகப் பிரித்துப் பூசிய பெரிய நீலத் திமிங்கிலம். பூசும்போது அந்தப் பூச்சு வெறும் சாம்பல் நிறச் சேறு, வெந்தால்தான் நீலம். ஒரு டைல் விரிந்தாலும் உடம்பில் ஓட்டை விழுந்த திமிங்கிலம்தான் மிஞ்சும். அதே நீலத்தை மறுபடி கொண்டுவர முடியுமா என்பது அவருக்கே நிச்சயமில்லை.

அந்த வாரம் அவளைப் பார்க்க அண்ணன் மகள் வந்திருந்தாள். பல்கலைக்கழகத்தில் உளவியல் படிக்கிறவள். பேசினால் முத்து உதிர்ந்துவிடும் என்பதுபோல் அளந்து பேசுகிறவள். ஆரஞ்சுப் பழத்தை உரித்துக்கொண்டே நடந்ததையெல்லாம் கேட்டாள்.

"சொல்லுடி மருமகளே. உங்க படிப்புல என் வியாதிக்கு ஏதாவது பேர் வச்சிருக்காங்களா?"

"வியாதி இல்லை அத்தை. எல்லாருக்கும் இருக்கறதுதான்." அவள் தன் நெற்றியைத் தொட்டுக் காட்டினாள். "நாளைக்கு நடக்கப்போறதை நினைச்சு முடிவு எடுக்க இந்த நெத்திக்குப் பின்னாடி இருக்கற மூளைதான் ரொம்ப உதவுது. இன்னும் ஆழமா, 'இப்பவே வேணும்'னு தூண்டற பகுதிகளும் இருக்கு. ஆசைப்பட்ட பொருள் கண்ணுக்கு எதிர்ல, கைக்கு எட்டற தூரத்துல இருந்தா, உள்ள இருக்கறது கத்தற சத்தத்துல நெத்தி பேசறது காதுல விழாது."

"அப்போ எனக்கு நெத்தியே இல்லைன்னு சொல்றே."

மருமகள் சிரித்தாள். பிறகு குழந்தைகளை வைத்து நடந்த சோதனை ஒன்றைச் சொன்னாள். குழந்தைக்கு முன்னால் ஓர் இனிப்பு வைக்கப்படும். பெரியவர் திரும்பி வரும்வரை அதைத் தொடாமல் இருந்தால் இரண்டு கிடைக்கும். சில குழந்தைகள் உடனே தின்றுவிட்டன. காத்திருந்த குழந்தைகளில் பலர் பல்லைக் கடித்துக்கொண்டு அதையே முறைத்துப் பார்க்கவில்லை. திரும்பி உட்கார்ந்தார்கள், கண்ணைப் பொத்திக்கொண்டார்கள், தமக்குத் தாமே பாடினார்கள்.

"ஒரே இனிப்பை வச்சு அந்தக் குழந்தையோட எதிர்காலத்தையே சொல்லிடலாம்னு ஒரு காலத்துல நினைச்சாங்க அத்தை. அப்புறம் நிறைய குழந்தைகளை வச்சுப் பார்த்தா அது அவ்வளவு உறுதியா இல்லை. வீட்டு நிலைமைக்கும் அதுல பெரிய பங்கு இருக்கு. இன்னொரு சோதனையில, பெரியவங்க முதல்லயே ஒரு வாக்குக் குடுத்து ஏமாத்தினாங்க. நல்ல வண்ணப் பென்சில் கொண்டு வரேன்னுட்டு வெறுங்கையோட வந்தாங்க. அப்படி ஏமாந்த குழந்தைங்கள்ல அனேகமா யாருமே இனிப்புக்குக் கடைசிவரை காத்திருக்கல."

"புத்தியுள்ள பிள்ளைங்க" என்றாள் அத்தை சட்டென்று.

அவளுக்குத் தன் சின்ன வயது நினைவு வந்தது. எத்தனையோ பிள்ளைகள் இருந்த வீடு அவளுடையது. தட்டில் கடைசிக்கு என்று ஒதுக்கி வைத்தது எதுவும் கடைசிவரை தட்டில் இருந்ததில்லை. அப்பா அடுத்த மாதம் வாங்கித் தருகிறேன் என்ற காலணிக்கு அந்த அடுத்த மாதம் வரவே இல்லை.

"ஒரு தடவை மிட்டாய் ஒண்ணைத் தலையணைக்கு அடியில வச்சிருந்தேன்டி. மறுநாள் பள்ளிக்கூடத்துல எல்லாருக்கும் காட்டிட்டுத் தின்னலாம்னு. காலையில பார்த்தா காகிதம் மட்டும் இருக்கு. உள்ள ஒரு கல்லை வேற சுத்தி வச்சிருந்தான்."

"யாரு?"

"வேற யாரு? உன்னைப் பெத்த மகராசன்தான்."

மருமகள் ஆரஞ்சுச் சுளையை வாயில் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டு சிரித்தாள். "அப்பா என்கிட்ட இதைச் சொன்னதே இல்லை. வீட்டுக்குப் போனதும் இருக்கு அவருக்கு."

கிளம்பும்போதுதான் அவள் இன்னொன்றைச் சொன்னாள். "மனவலிமை உள்ளவங்கன்னு நாம நினைக்கறவங்க நிறைய பேர் ஆசையோட பெருசா மல்லுக்கட்டறதே இல்லையாம் அத்தை. ஆசை எதிர்ல வராத மாதிரி முன்கூட்டியே ஏற்பாடு பண்ணிடுவாங்களாம்."

மறுநாள் அத்தை முதலாளியம்மாவிடம் போய், சூளைக் கதவின் தாழ்க் கம்பிக்கு ஒரு பூட்டு வேண்டும் என்றாள்.

"நல்ல யோசனை. சாவி என்கிட்ட இருக்கட்டும்" என்றார் முதலாளியம்மா.

"வேண்டாம்மா. உங்களுக்கு இளகின மனசு. நான் அழுதா குடுத்துடுவீங்க."

"அப்போ உன் வீட்டுக்காரர்கிட்ட?"

"நான் கேட்டு அவர் எதையாவது இல்லைன்னு சொல்லியிருக்காரா? சாவி கிளேஸ்காரர்கிட்டதான் இருக்கணும்."

"அவன்தான் உன் முகத்துலயே முழிக்கறதில்லையே!"

"அதனாலதான் கேக்கறேன். அவர்கிட்ட போய்க் கையேந்தறதுக்குப் பதிலா என் உசிரே போனாலும் போகட்டும்னு இருப்பேன். என் அவசரத்தை அடக்க என் ரோஷத்தாலதான் முடியும்."

முதலாளியம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு கிளேஸ்காரரைக் கூப்பிட்டார். அவர் சாவியை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "பச்சைக் கோட்டுக்கு முன்னாடி யார் வந்து கேட்டாலும் கிடையாதுன்னு சொல்லிடுங்க" என்று சன்னலிடம் சொன்னார்.

திமிங்கிலம் சூளைக்குள் போனது. அவள் எரித்தாள். நெருப்பு அவள் சொன்னபடி கேட்டது. வெளுக்க வேண்டிய நேரத்தில் வெளுத்தது. விடியற்காலையில் எரிவாயுவை அணைத்துவிட்டு, பார்வைத் துளையைச் செங்கல் துண்டால் அடைத்தாள். பூட்டை மாட்டினாள். உட்காரும் பலகையைத் தூக்கிக்கொண்டு போய், சூளை கண்ணில் படாத பின்கட்டில் போட்டாள்.

முதல் நாள் ஒருவழியாகக் கழிந்தது. உள்ளங்கை அரித்தது. கால்கள் இரண்டும் பூனைகள் போல அடிக்கடி எழுந்து சூளைப் பக்கம் கிளம்பின. ஒவ்வொரு முறையும் பாதி வழியில் பூட்டு நினைவுக்கு வந்தது, பூட்டோடு கிளேஸ்காரரின் முகமும் வந்தது, அவள் திரும்பிவிட்டாள்.

மறுநாள் பட்டறைக்கு விடுமுறை. காவலுக்கு அவள் மட்டும் இருந்தாள். மதிய வெயிலில் வாசல் கதவு கிரீச்சிட்டது. வந்தது கிளேஸ்காரர்.

அவர் நேராகச் சூளைக்குப் போய் முகப்பைப் பார்த்தார். முள் பச்சைக் கோட்டுக்குக் கொஞ்சம் மேலேதான் நின்றது. சுவரில் கையை வைத்து எடுத்தார். பிறகு, அந்தச் சம்பவத்துக்கு அப்புறம் முதல் முறையாக, அவள் முகத்தைப் பார்த்துப் பேசினார்.

"கிட்டத்தட்ட ஆறிடுச்சு, இல்ல?"

"முள்ளைப் பாருங்க."

"பார்த்தேன். கொஞ்சம்தான் பாக்கி. முள்ளே தப்பா காட்டுதோ என்னமோ. பழசு." சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து உள்ளங்கையில் வைத்து நீட்டினார். "ஒரு விரல் அளவு. நிறம் மட்டும் பார்த்துட்டுச் சாத்திடலாம். கேட்டா, நான்தான் திறந்தேன்னு சொல்லிக்கறேன்."

பழம் நழுவிப் பாலில் விழுந்தது. எந்த ரோஷத்தை நம்பி அவள் அந்த ஏற்பாட்டைச் செய்தாளோ, அதற்கு இப்போது வேலையே இல்லை; யாரிடம் கேட்கக் கூடாது என்று இருந்தாளோ அவரே கேட்காமல் கொடுக்கிறார். திமிங்கிலம் அவருடையது, சாவி அவருடையது, பழியும் அவருடையது. அவள் செய்ய வேண்டியதெல்லாம் எட்டிப் பார்ப்பது மட்டும். அவள் கை பாதி தூரம் போய்விட்டது.

அப்போது அவர் முகத்தைக் கவனித்தாள். மூக்கு விடைத்திருந்தது. மறு கையில் கட்டைவிரல் ஆள்காட்டி விரலை ஓயாமல் தேய்த்துக்கொண்டிருந்தது. ஒரு கால் ஏற்கெனவே கதவைப் பார்த்துத் திரும்பியிருந்தது. அவசரம் வெளியிலிருந்து பார்த்தால் எப்படி இருக்கும் என்பதை அவள் பார்ப்பது அதுவே முதல் தடவை. ஐயோ பாவமே என்று இருந்தது.

அந்த இரக்கத்தில் அவளுக்கு மூச்சு விட ஒரு கணம் கிடைத்தது. அந்தக் கணத்தில் அவள் சூளைக் கதவைப் பார்த்தாள். தலையணைக்கு அடியில் வைத்ததை அண்ணன் தின்றான், ஒதுக்கி வைத்தது காணாமல் போனது, எல்லாம் உண்மைதான். ஆனால் இதற்குள் இருப்பதை யார் எடுத்துக்கொண்டு போக முடியும்? மூடியிருக்கும்வரை அது முழுசாக இருக்கிறது. இந்த உலகத்தில் அதைக் கெடுக்கக்கூடியது அவர்கள் இருவருடைய விரலளவு இடைவெளி ஒன்றுதான். காத்திருந்தால் பறிபோகும் என்று உடம்பெல்லாம் படித்து வைத்திருந்த பாடம் இந்தக் கதவுக்குப் பொருந்தவே இல்லை.

"சாவியைப் பையில போடுங்க" என்றாள். "போட்டுட்டு வாங்க, பின்கட்டுக்குப் போகலாம்."

"ஏம்மா, குடுக்கை, நீயா இதைச் சொல்றே?"

"நான்தான் சொல்றேன். இங்க நின்னு பார்த்துக்கிட்டே இருந்தா நீங்களும் திறப்பீங்க, நானும் திறப்பேன். நம்ம ரெண்டு பேர் நெத்தியும் இப்பத் தூங்குது."

"நெத்தி தூங்குதா?"

"அதெல்லாம் படிச்சவங்க சொன்னது. உங்களுக்குப் புரியாது, எனக்கும் பாதிதான் புரிஞ்சுது. வாங்க."

பின்கட்டில் குழாயடியில் கிளேஸ் படிந்த வாளிகள் மலைபோல் குவிந்திருந்தன. ஆளுக்கு ஒரு தேங்காய்நார் எடுத்துத் தேய்க்க உட்கார்ந்தார்கள். சூளை என்ற வார்த்தையை முதலில் யார் சொல்கிறார்களோ அவர் நாளைக்குப் பட்டறை முழுவதுக்கும் டீ வாங்க வேண்டும் என்று அவள் பந்தயம் வைத்தாள். சும்மா இருக்க முடியாமல் அவரைப் பாடச் சொன்னாள். அவர் பாடினார். பக்கத்துக் கொட்டகையில் படுத்திருந்த நாய் எழுந்து, அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, தெருவைக் கடந்து எதிர்ப்பக்கம் போய்ப் படுத்தது.

"நாய்க்கு ரசனை இருக்கு" என்றாள் அவள்.

வாளிகளில் பாதி முடிந்தபோது அவர் தானாகவே சொன்னார். "என் பொண்ணு சின்ன வயசுல அந்த ஆஸ்பத்திரியிலதான் ரொம்ப நாள் படுத்திருந்தா. கூரையில தண்ணி ஊறி ஒரு கறை. அதைக் காட்டி, அப்பா பாரு திமிங்கிலம், அப்பா பாரு திமிங்கிலம்னு சொல்லிக்கிட்டே இருப்பா. எனக்கு அது கறையாத்தான் தெரிஞ்சுது."

அவள் தேய்ப்பதை நிறுத்தினாள். "இப்ப எப்படி இருக்கா?"

"இப்ப அவ போடற சத்தத்துக்கு நிஜத் திமிங்கிலமே கரையேறி ஓடிடும்." சிரித்தபடி முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டார். வாளித் தண்ணீர் தெறித்திருக்கும் என்று அவள் வைத்துக்கொண்டாள்.

வாளிகள் எல்லாம் வெளுத்தன. வெயில் சாய்ந்தபோது அவள் மட்டும் எழுந்து போய் முகப்பைப் பார்த்துவிட்டு வந்தாள். முள் பச்சைக் கோட்டைத் தொட்டிருந்தது.

"ஆறிடுச்சா?" என்று அவர் எழுந்தார்.

"தொட்டிருக்கு, இன்னும் தாண்டல. காலையில முதலாளியம்மா முன்னாடி திறப்போம். திமிங்கிலம் ராத்திரி எங்கேயும் நீந்திப் போயிடாது."

காலையில் எல்லோரும் கூடினார்கள். கிளேஸ்காரர் பூட்டைத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றார். அவள் தாழ்க் கம்பியை உயர்த்திக் கதவை இழுத்தாள். எல்லோருடைய காதும் அந்த ஒரு சத்தத்துக்காகக் காத்திருந்தது. எந்தச் சத்தமும் வரவில்லை. வெதுவெதுப்பான மூச்சு மாதிரி ஏதோ வெளியே வந்தது, அவ்வளவுதான்.

டைல்களை ஒவ்வொன்றாக எடுத்து முற்றத்தில் அடுக்கினார்கள். அவள் ஒவ்வொன்றையும் விரல் முட்டியால் தட்டிக் காதில் வைத்துப் பார்த்தாள். ஒவ்வொன்றும் மணிபோல் பதில் சொன்னது. வால் வந்தது. வளைந்த முதுகு வந்தது. ஒரு நீலத்துக்குள் இத்தனை நீலம் இருக்கும் என்று கிளேஸ்காரருக்கே தெரிந்திருக்கவில்லை. கடைசியாகக் கண் இருந்த டைலை அவள் தானே கொண்டுவந்து அதன் இடத்தில் வைத்தாள். முற்றம் நிறையத் திமிங்கிலம், ஓர் ஓட்டை இல்லாமல், காலை வெயிலில் ஈரமாகக் கிடப்பதுபோல் கிடந்தது.

கிளேஸ்காரர் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். பிறகு எல்லோர் முன்னாலும், "நேத்து மத்தியானம் நானே சாவியை நீட்டினேன். இவ தொடல" என்றார்.

முதலாளியம்மாவுக்கு முதலில் வந்தது கோபம்; பிறகு வந்தது சிரிப்பு. இந்த முறை அதை அவர் அடக்கவில்லை. "இனிமே நெருப்பும் உன்னுது, கதவும் உன்னுது" என்றார் அவளிடம். "பூட்டைக் கழட்டிடலாமா?"

"வேண்டாம்மா, இருக்கட்டும்" என்றாள். "எனக்கு இல்லைன்னாலும் இவருக்கு வேணும்."

முற்றம் முழுவதும் சிரித்தது. கிளேஸ்காரர் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தார்.

மருமகள் படிப்பை முடித்த பிறகு ஒரு காலை நேரத்தில் பட்டறைக்கு வந்தாள். அன்று சூளை திறக்கும் நாள். உள்ளே இருந்தது இதுவரை யாரும் முயன்று பார்க்காத ஒரு சிவப்பு. முள் எப்போதோ கோட்டைத் தாண்டியிருந்தது. அத்தை தாழை விலக்கிக் கதவை அகலத் திறந்தாள். திறந்த கையோடு உள்ளே பார்க்காமல் திரும்பி வந்து, கதவுக்கு முதுகைக் காட்டியபடி ஒரு பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தாள். டீயை எடுத்து ஊதினாள். மருமகளுக்கு ஒன்றும் புரியவில்லை.

"நீ போய்ப் பார்த்துட்டு வாடி" என்றாள் அத்தை. "நிதானமாப் பாரு. ஆனா திரும்பி வந்து என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாது. மூஞ்சியையும் அந்தப் பக்கமா வச்சுக்கோ, உனக்கு மறைக்கத் தெரியாது. இந்த டீ தீர்ற வரைக்கும் எனக்கு அது தெரிய வேண்டாம்."